ரப்பர் வைத்துப் பூட்டிய கொயில்

என் தங்கச்சி டீச்சராகாமல் போனதற்கு நான்தான் காரணம். பஸ்ஸைச் சொல்லி, றோட்டைச் சொல்லி, அவள் ஜாதகத்தைச் சொல்லி எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் கூறிவிட்டார்கள். அதெல்லாம் சும்மா வாய்ப்பேச்சு. நடந்தது என்னவென்று அங்கே நின்ற எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலை பாக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர் மெஷினில் எனக்கு வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு ஊருக்கு மாற்றலாகிப் போன ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டரிடம் பழைய ஜப்பான் பைக் ஒன்றை வாங்கியிருந்தேன். எனக்கு முன்னால் அதை எத்தனை பேர் ஓட்டினார்கள் என்று அவருக்கே தெரியாது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதல் பைக் என்னுடையதுதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, மறைப்பானேன்?

பைக்கில் ஒரு கோளாறு. ஐந்தாறு கட்டை தூரம் ஒழுங்காக ஓடும், பிறகு பொசுக்கென்று நிற்கும். அரை மணி நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "பனி எறங்கிருச்சி." எங்கள் பக்கத்தில் எதற்கும் பனிதான் குற்றவாளி. தீப்பெட்டி பற்றவில்லையா, பனி. ரேடியோ கரகரக்கிறதா, பனி. முழங்கால் வலித்தாலும் பனி. அது பொய்யும் இல்லை. சுவரோரம் வைத்த ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் நாலே நாளில் பூஞ்சணம் பிடிக்கும் லயத்தில், ரேடியோவுக்குக் கீழே டயர்த் துண்டு, பெட்டிக்குக் கீழே செங்கல், அரிசி டின்னுக்குக் கீழே உரப் பை என்று எல்லாவற்றுக்கும் அடியில் எதையாவது வைத்துத்தான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சிக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு மூன்று வருடமாகத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை விண்ணப்பம் போட்டு இரண்டு முறையும் பதில் இல்லை. இது மூன்றாவது, கடைசியும்கூட. அடுத்த மாதம் அவளுக்கு வயது எல்லை தாண்டிவிடும். நுவரெலியாவில் காலை ஒன்பது மணிக்கு இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாசித்தாள்.

அப்பா அப்போதே சொன்னார். "மொத நாளே கெளம்பி நுவரெலியாவுல மாமா வூட்டுல தங்கிருங்க. காலையில நடந்தே போயிறலாம்."

"எதுக்குப்பா அடுத்தவங்க வூட்டுல போயி இருக்கணும்? பைக்குதான் இருக்குல்ல. ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோயி எறக்கிர்றேன்" என்றேன்.

"நடுவழியில நிக்கிற பைக்குலயா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த நாளே அட்டனுக்குப் போனேன். மெக்கானிக் ஒருவர், ஸ்பெயார் பார்ட்ஸ் கடையையும் அவரே வைத்திருந்தார், நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அண்ணே, சூடானா சாகுது, ஆறுனா எந்திரிக்குது. இது பனி இல்ல. கொயில் போச்சு. வண்டியக் கொண்டாங்க, பூட்டித் தாரேன்."

கொயில் என்பது பிளக்கில் நெருப்புப்பொறி பறக்க வைக்கிற சாமான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். புதுசு ஒன்றை வாங்கிக்கொண்டு, "பூட்டுறது நா பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று ஆள் உயர ரோலரைக் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு இரண்டு போல்ட் என்ன பெரிய வித்தை? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் வேலை தொடங்கியது. சீட்டைக் கழற்றினேன். பெற்றோல் குழாயைப் பிடுங்கி டாங்கியைத் தூக்கி வைத்தேன். டாங்கிக்கு அடியில், பைக்கின் முதுகெலும்பு மாதிரிப் போகிற இரும்புக் குழாயில், இரண்டு போல்ட்டில் பழைய கொயில் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து பிளக்குக்கு ஒரு தடித்த வயர் போனது. எஞ்சின் பக்கமிருந்து ஒரு மெல்லிய வயர் வந்தது. அவ்வளவுதான். போல்ட் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி ஒருவழியாகக் கழற்றினேன். அப்போதுதான் கவனித்தேன். கொயில் இருந்த இடத்தில் இரும்பு வேர்த்திருந்தது. விரலால் தொட்டால் சொட்டு ஒட்டியது.

ஆகா, பிடித்துவிட்டேனடா என்று தொடையைத் தட்டினேன். மெக்கானிக் சொன்னதும் சரி, தோட்டத்துச் சனம் சொன்னதும் சரி. பனியில் இரும்பு வேர்க்கிறது, அந்த ஈரம் கொயிலுக்குள் இறங்கித்தான் கொயில் செத்தது. புதுசையும் இப்படியே பூட்டினால் இதுவும் சாகும். பழைய டியூப்பை எடுத்து பிளேட்டால் வட்டம் வட்டமாக ரப்பர் வெட்டினேன். கொயிலில் போல்ட் நுழைகிற காதுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டு பக்கமும் அப்படியே. இரும்பு எங்கேயும் கொயிலைத் தொடாதபடி நன்றாக இறுக்கினேன். உதைத்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட்! அடுத்த ஊரான றொசல்ல வரைக்கும் போய்த் திரும்பினேன். நிற்கவே இல்லை.

தங்கச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, நெசமாவே சரியாயிருச்சா?"

"நீ சீலைய மட்டும் அயன் பண்ணி வையி. மிச்சத்த நா பாத்துக்கிறேன்" என்றேன். அப்பாவை ஒரு பார்வை பார்த்தேன்.

நேர்முகப் பரீட்சை அன்றைக்குக் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். நீலக் கரை போட்ட வெள்ளைச் சீலை கட்டி, சேர்ட்டிபிகட்டுகளை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அட்டன் தாண்டினோம். கொட்டகலையில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. பைக் குதிரைபோல ஓடியது. நான் பாட்டுக்கூட முணுமுணுத்தேன். கொட்டகலை தாண்டியதும் றோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். குலுக்கலென்றால் அப்படியொரு குலுக்கல். தலவாக்கலைக்கு முந்திய வளைவொன்றில் பைக் நின்றது.

உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று பிடித்தது, டபடபவென்று உறுமியது. அந்த நேரம் பார்த்து நுவரெலியா பஸ் வந்தது. தங்கச்சி றோட்டோரம் நின்றதால் பஸ் நின்றது. கொண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "நுவரஎலிய, நுவரஎலிய, நகின்ன" என்று கையை நீட்டினான். ஏறச் சொல்கிறான். மணி ஏழுதான். அதில் ஏறியிருந்தால் எட்டரைக்கு இறங்கியிருப்பாள்.

நான் அக்சலேட்டரை முறுக்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தேன். கொண்டக்டருக்குக் கையை ஆட்டினேன், போ போ என்று. பஸ் போனது. அவள் பைக்கில் ஏறினாள். இரண்டு வளைவு தாண்டவில்லை, மறுபடி நின்றது.

டாங்கியைக் கழற்ற எனக்கு வழியில்லை, பிளக் கழற்றுகிற ஸ்பேனர் ஒன்றுதான் இருந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் பிடித்து உதைத்தேன். சில நேரம் நீலமாய்ப் பொறி வந்தது, சில நேரம் வரவில்லை. கையெல்லாம் கரி. அடுத்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றபோது சரியாகப் பொறி பறந்தது. "இந்தா நெருப்பு வருது பாரு! அஞ்சு நிமிசம், கெளம்பிரலாம்" என்று கத்தினேன். அவள் பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பஸ் போய்விட்டது. அஞ்சு நிமிசம் அரை மணியாகி, ஒரு மணியாகி, மணி எட்டரை ஆனது. அதற்குப் பிறகு ஒன்பதரை வரைக்கும் அங்கே ஒரு பஸ்ஸும் வரவில்லை. அவள் செருப்பைச் சுற்றிச் சேறு. சீலைக் கரையில் சேறு. ஒரே ஒரு முறை மட்டும், "மணி என்னாண்ணே?" என்று கேட்டாள். நான் மணிக்கூட்டைப் பார்க்காமலே பொய் சொன்னேன்.

ஒன்பதரைக்கு வந்த பஸ்ஸில் ஏறினோம். பைக்கை ஒரு மரக்கறிக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரம் நான் கும்பிடாத சாமியில்லை. பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குள் ஓடினோம். உட்காருகிற வாங்குகள் காலியாகக் கிடந்தன. மேசையில் வயதான ஒரு யாழ்ப்பாணத்து ஐயா பைல்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கட பேரை மூண்டு தரம் கூப்பிட்டது. பத்தரைக்கே எல்லாம் முடிஞ்சுது. இன்டர்வியூ எடுக்க வந்த ஆக்கள் கண்டிக்கு வெளிக்கிட்டிட்டினம்."

"ஐயா, பைக்கு நின்னுருச்சிங்க ஐயா. அவ மேல பெழ இல்லீங்க" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன், கரியோடு.

"அடுத்த முறை போடலாம்தானே?"

"வயசு தாண்டிருங்க ஐயா, அடுத்த மாசம்" என்று தங்கச்சிதான் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள், வகுப்பில் கணக்குக்கு விடை சொல்வதைப்போல.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் என்னம்மா செய்யிறது" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் பைக்கை லொறியில் ஏற்றி அட்டன் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். டாங்கியைத் தூக்கினார், பார்த்தார், சிரித்தேவிட்டார். "யாரு அண்ணே இந்த வேலையப் பாத்தது? கொயிலுக்கு வயர் ஒண்ணுதான் வருது. கரண்டு திரும்பிப் போக வேணாமா? அந்த இரும்பு வழியாத்தான் போகும். நீங்க ரப்பர வச்சி வழிய அடச்சிட்டீங்களே! போல்ட்டு எங்கயோ லேசா ஒரசுனதுனாலதான் இம்புட்டுத் தூரமாவது ஓடியிருக்கு. குலுங்குனதும் விட்டுருச்சி." நாலு ரப்பரையும் எடுத்து வீசினார். ஒரே உதை. அதன் பிறகு அந்தப் பைக் வழியில் நின்றதேயில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அடுத்த மாதம் தங்கச்சி பேர் பதிந்தாள். தோட்டத்தில் பேர் பதிவதென்றால் கொழுந்து பறிக்கப் போவது. உயர்தரம் படித்தவள் காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், தான் படிப்பித்த பிள்ளைகளின் அம்மாமார் பக்கத்தில், கூடையோடு வரிசையில் நின்றாள். நான் ஸ்டோருக்குச் சுற்று வழியாகப் போகத் தொடங்கினேன். அப்பா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. செத்துப் போகும்வரைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, றொசல்லவில் அவள் வாழ்க்கைப்பட்ட லயத்துக்குப் போயிருந்தேன். மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேயிலைக் கறை விரல் இடுக்கெல்லாம் ஏறிக் கறுத்திருந்தது. எனக்கு அன்றைக்கு என்னவோ தாங்கவில்லை. ரப்பர் விசயத்தை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அன்றைக்குக் கொட்டிவிட்டேன். பஸ்ஸை நான் போகச் சொன்னதையும் சொன்னேன். "நாந்தாம்மா ஒன் வாழ்க்கையக் கெடுத்தேன். ரெண்டு பஸ்ஸு. ரெண்டையும் நாந்தான் வெரட்டுனேன்" என்று வெட்கமில்லாமல் அழுதேன்.

அவள் காலைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க வெரட்டுனா என்னாண்ணே, எனக்குக் கால் இல்லையா? மொத பஸ்ஸுல ஏறிரணும்னுதான் நெனச்சேன். படியில கை வைக்கவும் போனேன். பைக்கு நின்னுரும்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க என்னப் பாத்துச் சிரிச்சீங்க. அம்புட்டுச் சந்தோசமா இருந்தீங்க. நா ஏறிப் போயிட்டா ஒங்க மொகம் என்னாவும்னு நெனச்சேன்."

"ரெண்டாவது பஸ்ஸு?" என்று கேட்டேன்.

"அப்பயும் அதேதான்" என்றாள்.