கட்டையை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே

துப்பாக்கி விற்கிறவனைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் பயந்ததில்லை, பயமெல்லாம் விற்கிறவனுக்குத்தான். ஜவுளிக் கடையில் நாற்பது சேலையை விரித்துப் போட்டுவிட்டு, "வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அத்தனையையும் மறுபடி மடித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். செருப்புக் கடையில் குனிந்து உட்கார்ந்து ஊரார் காலை அளந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

எழுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பதினோரு வருஷம் மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையின் கவுண்டரில் நின்றேன். நாங்கள் அதிகம் விற்றது பாயிண்ட் டூ டூ ரைஃபிள். அதன் குழாய்க்குள் பென்சில்கூட நுழையாது, அவ்வளவு சின்ன வாய். கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஃபேக்டரியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே பெட்டியோடு எடுத்துப் போகலாம். அல்லது தோளில் பதிகிற மரக்கட்டையை மட்டும் அவரவர் அளவுக்கும் ஆசைக்கும் எங்கள் பட்டறையில் செய்து மாட்டிக்கொள்ளலாம். பட்டறையில் இருந்தவர் சேவியர் அண்ணன். போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். முதலாளிக்கு ஒரே கொள்கை: வந்தவர் எதைக் காட்டுகிறாரோ அதுதான் நல்லது என்று நாங்கள் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன், பதினோரு வருஷமும்.

காளை போட்ட கட்டை

அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு பெரிய சம்சாரி வந்தார். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். தோட்டத்துக்குள் பன்றி புகுந்து கடலையை நாசம் செய்கிறது என்று மனுவில் எழுதியிருந்தார். கடையில் அரை நாள் பேசினோம், அதில் பன்றியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பேச்செல்லாம் அவருடைய ஜல்லிக்கட்டுக் காளையைப் பற்றித்தான். கட்டையில் அந்தக் காளையைச் செதுக்க வேண்டும், பொங்கலுக்கு வருகிற சொந்தபந்தம் பார்க்கிற மாதிரி கூடத்தில் மாட்ட வேண்டும். "ஃபேக்டரிக் கட்டைல என்ன இருக்கு, மொட்டக் கட்ட" என்றார். ஆமாம், மொட்டைக் கட்டைதான் என்றேன்.

அடையாளத்துக்கு ஒரு போட்டோ கொடுத்தார். அதில் இரண்டு காளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. "இந்தா நிக்குதுல்ல, இதுதான்" என்று விரலை வைத்துக் காட்டினார். மண்வெட்டி பிடித்த விரல். இரண்டு காளையையும் சேர்த்தே மறைத்தது. சேவியர் அண்ணன் மூன்று வாரம் உட்கார்ந்து, திமிலும் கொம்பும் கழுத்துச் சலங்கையுமாக அற்புதமாகச் செதுக்கினார். சம்சாரி மனைவியோடு வந்து துணியைப் பிரித்தார். பார்த்தார். முகம் கறுத்துப்போய்விட்டது. செதுக்கியிருந்தது அவருடைய காளை இல்லை, அவருடைய பங்காளியின் காளை. பங்காளியோடு வாய்க்கால் தகராறில் அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. போட்டோ அதற்கு முன்னால் எடுத்ததாம். ஊருக்கே அந்த வளைந்த கொம்பைத் தெரியும், கூடத்தில் மாட்ட வழியே இல்லை. அந்த அம்மாதான் துணியைத் திரும்பச் சுற்றியபடி புருஷனிடம் சொன்னார்: "விடுங்க, இனிமேலாச்சும் இதப் பன்னி வெரட்ட எடுத்துட்டுப் போவீக."

சராசரி ஆள்

நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்த புரொபசர் ஒருவர் சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வருவார். புள்ளியியல் பாடம் எடுப்பவர். கையில் கட்டம் போட்ட நோட்டு. ஃபேக்டரிக் கட்டையா, அளவெடுத்துச் செய்கிற கட்டையா என்பதை அவசரப்படாமல் முடிவு செய்ய வேண்டும் என்பார். லைசென்ஸில் துப்பாக்கி வாங்கக் கெடு ஆறு மாசம். "தாராளமா யோசிங்க சார்" என்றேன். அதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது.

ஃபேக்டரியில் யாருடைய கைக்கு அளவு வைத்துச் செய்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டார். சராசரி ஆளின் கைக்கு என்றேன். "சராசரி ஆள் யாரு?" என்றார். இந்தக் கேள்வி இரண்டு மாசம் ஓடியது. டேப்பை எடுத்து என் கையை அளந்தார், முதலாளி கையை அளந்தார், பட்டறைக்குள் போய் சேவியர் அண்ணன் கையையும் அளந்தார். தோட்டா வாங்க வந்த ஒரு பெரியவர், அரசாங்கம் புதிதாகப் போட்ட சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். கடைசியில் ஒரு சனிக்கிழமை புரொபசர் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். கணக்குப் போட்டுப் பார்த்ததில் சராசரிக் கையும் அவர் கையும் ஒரே நீளம், ஆகவே ஃபேக்டரிக் கட்டையே போதும், பெட்டியைக் கொடுங்கள் என்றார். லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன். கெடு செவ்வாய்க்கிழமையோடு முடிந்திருந்தது. மறுபடி மனுப் போட வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆள் கொஞ்சம்கூட வாடவில்லை. "ஒரு வகைல நல்லதாப் போச்சு, இன்னும் ஒரு நாப்பது கைய அளந்துட்டா சந்தேகத்துக்கே இடமிருக்காது."

கூட்டினால் எட்டு

இவர் கட்டையைப் பற்றிக் கவலைப்படவில்லை. மில்லுக்குப் பஞ்சு பிடித்துக் கொடுக்கிற வியாபாரி. பெட்டியைத் திறந்ததும் குழாயில் அடித்திருந்த நம்பரைத்தான் முதலில் பார்த்தார். விரல் விட்டுக் கூட்டினார். எட்டு வந்தது. எட்டு சனியின் எண்ணாம். கட்டையை எல்லாம் மாற்றிக் கொடுக்கிறீர்களே, இந்த நம்பரில் ஒன்றை மட்டும் லேசாக அரம் வைத்து மாற்றிக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். துப்பாக்கி நம்பரில் கை வைத்தால் அவரும் ஜெயிலுக்குப் போவார், நாங்களும் போவோம் என்றேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நிஜமாகவே யோசித்தார். "ஜெயிலுன்னா எத்தன வருசம் போடுவாகண்ணே, சனின்னா ஏழரை வருசம்ல இருக்கு."

கிளப் ரைஃபிள்

வில்லாபுரத்திலிருந்து விமலா டீச்சர் வருவார். ஸ்கூலில் டிரில் டீச்சர். ஊரில் இருந்த ஒரு ரைஃபிள் கிளப்பில் மெம்பர். நல்ல குறி. ஆனால் ஆள் குள்ளம், அதோடு இடது கைக்காரர். கிளப்பில் இருந்த ரைஃபிள் எல்லாம் ஃபேக்டரி அளவு. தோளில் வைத்தால் விசைக்குக் கை எட்டாது. எட்டினால் கட்டை தோளை விட்டு நழுவும். அந்த வருஷம் மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரே ஒரு ரைஃபிளின் கட்டையைக் கொஞ்சம் குறைத்து, கன்னம் பதிகிற மேட்டை வலப் பக்கம் வைத்தால் போதும். சேவியர் அண்ணன் அளவெடுத்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார். "ரெண்டு நாள் வேல" என்றார். ஆனால் துப்பாக்கி கிளப்புடையது, செயலாளர் கையெழுத்து வேண்டும்.

செயலாளர் கையெழுத்துப் போடவில்லை. "கிளப் சொத்து எல்லாருக்கும் பொது. ஒருத்தருக்காக வெட்ட முடியுமா? ஃபேக்டரிக்காரன் முட்டாளா?" என்று எங்கள் கடையில் வைத்தே டீச்சரிடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க" என்றார். முதலாளி பக்கத்தில் இருந்தார். நான் ஃபேக்டரி அளவே போதும் சார் என்றேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஒரு மாசம் கழித்து அதே செயலாளர் ஓடி வந்தார். கிளப் ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி வருகிறார், முதல் குண்டு அவர்தான் சுடுவார், அவர் அளவுக்கே ஒரு கிளப் ரைஃபிளின் கட்டையைச் செய்து வைக்க வேண்டும். இப்போது மட்டும் வெட்டலாமா என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். அதிகாரியின் ஆள் அளவுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் படித்த சேவியர் அண்ணன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அதிகாரி குள்ளம். இடது கைக்காரர். அண்ணன் டிராயரைத் திறந்து டீச்சருடைய சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நூலளவுதான் வித்தியாசம். எந்தச் சீட்டைப் பார்த்து வெட்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் இடத்துக்கு வந்தவர் ஆறடி உயரம், வலது கைக்காரர். அவர் அந்த ரைஃபிளைத் தோளில் வைத்தார், கட்டை நீளம் போதாமல் கைக் கட்டைவிரல் மூக்கில் இடித்தது. கீழே வைத்துவிட்டு ஃபேக்டரி ரைஃபிளை எடுத்துச் சுட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்த ரைஃபிளை யாராலும் பிடிக்க முடியவில்லை, விமலா டீச்சரைத் தவிர. வேறு யாருக்கும் வேண்டாததால் வேண்டாம் என்று தடுக்கவும் ஆளில்லை. மாநிலப் போட்டியில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார். பேப்பரில் போட்டோ வந்தது. நடுவில் செயலாளர், ஓரத்தில் டீச்சர். அந்தப் பேப்பரைக் கடைக்குக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்துப் போட்டுச் செயலாளர் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே அளவுன்னா விளையாட்டு எப்படிங்க வளரும்? நான் அன்னைக்கே யோசிச்சுத்தான் அந்தக் கட்டைக்கு ஆர்டர் குடுத்தேன்."

ஓனர் வரணும்

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றவர்களைக் கேலி பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. நாற்பது வயசு இருக்கும் ஒருவர் வாசல் பக்கமாக வந்து நின்றார். வெளுத்த சட்டை, தோளில் துண்டு. நான் ஏறிட்டுப் பார்த்து, "யாருக்கு எடுக்க வந்திருக்கீக?" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் முதலாளி உள்ளேயிருந்து, "ஓனர் நேர்ல வரணும்ப்பா, ஆள் கையில குடுத்துவிட மாட்டோம்" என்றார். அவர் லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்துக் கவுண்டரில் வைத்தார். அவர் போட்டோ, அவர் பெயர்.

மேற்கே ஒரு கிராமம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் கூலிக்கு அறுத்த வயலில் நாலு ஏக்கரை அவர் விலைக்கு வாங்கியிருந்தார். லைசென்ஸுக்கு மூன்று வருஷம் நடந்தாராம். விசாரணைக்கு வந்தவர்கள் எல்லாம் பன்றி எத்தனை வருகிறது என்று கேட்கவில்லை, உனக்கு எதுக்குப்பா துப்பாக்கி என்றுதான் கேட்டார்களாம். அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் லேட்டு என்று சொல்கிற மாதிரி சொன்னார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அவருக்கு நாற்காலி போடவில்லை. மற்றவர்களுக்கு வந்ததும் வருகிற காப்பியும் வரவில்லை. இரண்டும் அவசரமாக வந்தன. முதலாளி குரலை மாற்றிக்கொண்டு, "வாங்க, உக்காருங்க. உங்க அளவுக்குன்னு தேக்குல தனியா ஒரு கட்ட செஞ்சு தரச் சொல்றேன்" என்றார். அவர் உட்காரவில்லை. பெட்டியைத் திறந்து துப்பாக்கி நம்பரை லைசென்ஸில் நான் எழுதிக் கொடுத்த நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பெட்டியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தனியா வேணாம்ணே. ஃபேக்டரில ஆளப் பாத்து அளவு வைக்கிறதில்ல, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

எந்தத் துப்பாக்கி நல்லது என்று பதினோரு வருஷத்தில் என்னிடம் கேட்காதவர் இல்லை. நான் ஒரு தடவையாவது சுட்டுப் பார்த்திருக்கிறேனா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.