மேசிக்கு மாநிலம் கொடுத்த பணம்

ரோண்டா டீட்டரைப் பற்றி எங்கள் பள்ளத்தாக்கில் இப்போது யார் பேச்செடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் வாங்கிய பணம் வந்துவிடும். பதினோரு வருடம் அவள் கையால் சாப்பிட்ட பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்தான் இப்படிப் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவள் உள்ளே கார இறைச்சித் துண்டு வைத்துப் பெப்பரோனி ரொட்டி சுடுவாள். அன்றைக்குக் காய்ச்சல் வந்த பிள்ளைகூட லீவு போடாது. அதை ஒருவரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். சொல்ல வேண்டியவனும் நான்தான்.

நான் லானி ஹெட்ரிக், பள்ளி பஸ் டிரைவர். இருபத்தாறு வருடமாக இந்த மலைப்பாதையில் ஓட்டுகிறேன். "உன் பஸ்ஸுக்கு பிரேக் இருக்கு, உன் வாய்க்குத்தான் இல்ல" என்பாள் என் மனைவி. அவள் சொன்னபோதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

ரோண்டா எங்கள் ஊர் கிராப் ரன் தொடக்கப் பள்ளியின் சமையல்காரி. புருஷன் வேலை தேடி பென்சில்வேனியா பக்கம் போனவன், போனவன்தான். ஒரே மகள் மேசி. ஆறு வயதுவரை அவளுக்குப் பேச்சே இல்லை. பள்ளிக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சி டீச்சர் மிஸஸ் நெஸ்டர் அவளை எடுத்துக்கொண்டார். வாரம் இரண்டு நாள், சமையலறைக்குப் பின்னால் துடைப்பம் வைக்கிற அறையில், மேசியின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுவார். ஒரு வருடம் கழித்து ஒருநாள் காலை மேசி பஸ் படியில் நின்று, நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் கொண்டுபோய், "ல... ல... லானி" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையைத் திருப்பிக்கொண்டு பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தேன்.

அதற்கடுத்த வருடம்தான் எங்கள் ஊர்வரை அந்தப் பணம் வந்து சேர்ந்தது. அரசுப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளிக்கோ வீட்டுப் படிப்புக்கோ போகிற பிள்ளைக்கு மேற்கு வர்ஜீனியா மாநிலமே வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் டாலர் தரும். கீழே டவுனில் ஒரு சர்ச் தன் தரைக்கீழ் அறைகளில் பள்ளி திறந்தது. போதகரின் மனைவி சிஸ்டர் ஆர்லீன்தான் நடத்தினார். ஆகஸ்டில் ஒருநாள் காபி குடிக்கச் சமையலறைக்குப் போனபோது ரோண்டா அந்த விண்ணப்பத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"என் கண்ணு முன்னாடியே பிள்ளைங்க மேசி மாதிரி திக்கித் திக்கிப் பேசிக் காட்டுதுங்க, லானி. நான் கரண்டியப் புடிச்சிக்கிட்டு நிக்கறேன். ஒரு வார்த்தை அதட்டினா என் வேலை போயிடும்."

"அதுக்காக? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவியா?"

"அங்க வகுப்புக்கு எட்டே பிள்ளைங்க. கேலி பண்ண ஆளே இருக்காது."

"பேச்சு டீச்சர் இருக்காங்களா?"

"கேட்டேன். கர்த்தர் ஆள் அனுப்புவார்னாங்க சிஸ்டர் ஆர்லீன்."

"அவர் ஏற்கெனவே அனுப்பின ஆளுதானம்மா துடைப்ப ரூம்ல உக்காந்திருக்கு?"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பணத்தை வாங்கினால் அரசுப் பள்ளி இந்தப் பிள்ளைக்குத் தர வேண்டிய சிறப்பு உதவி எதையும் இனிக் கேட்க முடியாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அவள் படிக்காமல் போடவில்லை, இரண்டு தடவை படித்தாள். சரிப்படாவிட்டால் மேசியைத் திரும்பக் கூட்டிவந்துவிடலாம், பள்ளி எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்தாள். தான் தினமும் அடுப்புப் பற்றவைக்கிற இடம் ஒருநாள் இல்லாமல் போகும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அந்த இலையுதிர்காலத்தில் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு பதினோரு பிள்ளைகள் போனார்கள். அக்டோபரில், பிள்ளைக்கு இவ்வளவு என்று மாநிலம் பள்ளிக்குப் பணம் ஒதுக்குவதற்காகத் தலை எண்ணியபோது ஐம்பத்தெட்டுதான் தேறியது. கிறிஸ்துமஸுக்குள் மாவட்டக் கல்விக் குழு எங்கள் பள்ளியின் பெயரை மூடும் பட்டியலில் போட்டுவிட்டது. போன பதினோரு வீடும் எது எது என்று எல்லோருக்கும் தெரியும். அவள் மாவு வாங்குகிற கடையில்கூட ரோண்டாவுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். நானும் சமையலறைக்குக் காபி குடிக்கப் போவதை நிறுத்தினேன். என் பஸ் தடமும் போகப்போகிறதே என்ற எரிச்சல் எனக்கு. கோபப்பட ஆள் வேண்டியிருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் அவள் இருந்தாள்.

பிப்ரவரியில் சிஸ்டர் ஆர்லீன் ரோண்டாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "மேசி தங்கமான பிள்ளை, சிஸ்டர் ரோண்டா. ஆனா எங்க பள்ளி அவளுக்கு ஏத்த இடமில்லன்னு ஜெபத்துல எங்களுக்குத் தெளிவாச்சு. இந்த வருஷத்தோட வேற இடம் பாத்துக்குங்க" என்றாராம். தனியார் பள்ளி அப்படிச் சொல்லலாம், சட்டம் ஒன்றும் செய்யாது. அதற்குள் மேசி வீட்டிலும் பேச்சை நிறுத்தியிருந்தாள். இந்த விஷயம் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

பள்ளியை மூடுவதற்கு முன்னால் அந்தப் பள்ளியிலேயே கூட்டம் போட்டு ஊர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் மாநிலச் சட்டம். மார்ச்சில் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நடந்தது. குழுவின் ஐந்து பேரும் குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோண்டா தன் காசில் மாவு வாங்கி, எல்லோருக்கும் பெப்பரோனி ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். வணக்கம் சொல்லாதவர்களும் இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டார்கள். பலபேர் பேசிய பிறகு அவள் ஒரு காகிதத்தோடு எழுந்தாள்.

"இந்தப் பள்ளிய மூடாதீங்க. இங்க இருக்கற மாதிரி ஒரு..."

"உன் பிள்ளை எங்கம்மா படிக்குது? மொதல்ல அதைச் சொல்லு!"

கத்தியது நான்தான். அவள் சுட்ட ரொட்டி என் வாயில் இருந்தது.

கூடம் முழுக்கச் சிரிப்பு. யாரோ கைதட்டினார்கள். ரோண்டா காகிதத்தை நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கூட்டம் முடிகிறவரை உள்ளே தட்டு கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழு ஐந்துக்கு ஐந்து என்று மூட வாக்களித்தது. அவள் பேசி முடித்திருந்தாலும் அப்படித்தான் வாக்களித்திருப்பார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் மிஸஸ் நெஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காகிதத்துல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? மேசிய திரும்பக் கூட்டிட்டு வரப் போறேன்னு எழுதியிருந்தா. தப்புப் பண்ணிட்டேன், என் தப்புக்காக இந்த இடத்தை மூடாதீங்கன்னு எழுதியிருந்தா. மூணு நாள் எங்கிட்ட படிச்சுக் காட்டிப் பழகினா, லானி."

நல்ல நேரத்தில்தான் என் வாய்க்கு பிரேக் பிடித்தது.

ஜூனில் பள்ளிக்குப் பூட்டுப் போட்டார்கள். மிஸஸ் நெஸ்டர் ஒஹையோவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பிள்ளைகளை மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள், பஸ்ஸில் போக ஒரு மணி பத்து நிமிடம். அந்தத் தடத்தை எனக்கே கொடுத்தார்கள். அங்கே பேச்சு டீச்சர் பணி காலியாகவே கிடக்கிறது. ரோண்டா பெட்ரோல் பங்க்கில் மாலை வேலை பார்க்கிறாள், பகலில் மேசிக்கு வீட்டிலேயே பாடம். மாநிலப் பணம் இப்போதும் தவறாமல் வருகிறது. அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதை மட்டும்தான் அதில் வாங்கலாம். புத்தகம் வாங்கினாள், ஒரு டேப்லெட் வாங்கினாள். அந்தப் பட்டியலில் இருக்கிற பேச்சுப் பயிற்சியாளர்களில் மிக அருகில் இருப்பவர் தொண்ணூறு மைல் தொலைவில். அவரும் புதிதாகப் பிள்ளை எடுப்பதில்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் அவள்.

"மன்னிச்சுக்கம்மா. அன்னிக்கு நான் பேசினது பாவம். மேசிய அனுப்பு. எனக்குப் பின்னாடியே மொத சீட்டுல உக்கார வெச்சு நான் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க பேச்சு டீச்சர் இருக்காங்களா?"

"இல்ல."

"கேலி பண்ற பிள்ளைங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க படிக்குதுன்னு கேட்டியே லானி," என்று ரோண்டா கொஞ்சம் நகர்ந்து வழி விட்டாள். "இங்கதான் படிக்குது. பாத்துக்க."

சமையலறை மேசையில் மேசி காதில் ஹெட்போன் மாட்டி டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால், மிஸஸ் நெஸ்டர் காட்டிக்கொடுத்த அதே இடத்துக்குப் போய் நின்றது. நான் காத்திருந்தேன். ரோண்டாவும் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. மேசி வாயை மூடிக்கொண்டு திரும்ப டேப்லெட்டைப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றாள் ரோண்டா.