எலும்பு முறியாத கால்

டாக்டரின் அறையில் அண்ணன், அய்யா, நான் மூன்று பேரும் இருந்தோம். எலும்பு முறியாத காலுக்கு எதற்கு இத்தனை பேர் என்று அம்மா வயலுக்குப் போய்விட்டாள். அண்ணனோடு கபடி ஆடியவர்களும் வரவில்லை. அவர்கள் போலீஸ் தேர்வில் தேறிப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். தென்காசியில் ஓர் ஆட்டத்தில் அண்ணனுக்கு முட்டி திருகிக்கொண்டது. எக்ஸ்ரேயில் கீறல்கூட இல்லை என்றதும் வீட்டில் பாயசம் வைத்தார்கள். போலீஸ் தேர்வு நெருங்கியிருந்தது. எங்கள் குடும்பத்தின் முதல் மாதச் சம்பளம் அண்ணனால்தான் வரும் என்றிருந்தோம்.

குற்றாலத்தில் அப்போது சீசன். உடம்பில் எங்கே பிடித்துக்கொண்டாலும் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பதுதான் எங்கள் பக்கத்து வைத்தியம். அண்ணன் தினமும் ஐந்தருவிக்குப் போய், தண்ணீர் முட்டியில் அறைகிற மாதிரி காலை நீட்டிக்கொண்டு கிடப்பான். படி இறங்கினால் கால் வழுக்குகிறது என்று அவன் சொன்னதற்குக் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

“பாசியிலயா நடக்கே மாப்ள, வழுக்குததுக்கு?”

வீக்கம் வடிந்தது. தேர்வுக்குப் போனான். நீளம் தாண்ட ஓடிவந்து கால் ஊன்றியபோது முட்டி உள்ளே மடங்கி விழுந்தான்.

திருநெல்வேலியில் அந்த எலும்பு டாக்டர் இளவயதுக்காரர். அண்ணனைப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மேஜை டிராயர் திறப்பதுபோல் கால் முன்னால் வந்தது. அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மூட்டுக்குள்ள இருக்க நார் அறுந்துபோச்சு. எக்ஸ்ரேல அது தெரியாது.”

விளையாட்டில் படும் காயங்களை மட்டும் பார்க்கும் எலும்பு டாக்டர்கள் வெளிநாடுகளில் இப்போதுதான் உருவாகி வருகிறார்களாம். தான் படித்தபோது அப்படியொரு பாடமே கிடையாது, மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டரோடு கூடவே நின்று பிறகு கற்றுக்கொண்டதாகச் சொன்னார். நான் கல்லூரியில் படிப்பவன் என்பதால் எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார். நான் அய்யாவுக்குச் சொன்னேன்.

அய்யா ஒன்றுதான் கேட்டார். “மொதல்லயே இங்கன வந்திருந்தா ஓடியிருப்பானா?”

வந்திருந்தாலும் இந்த வருஷம் முடிந்திருக்காது, ஓய்வும் பயிற்சியும் கொடுத்திருந்தால் அடுத்த வருஷம் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது மூட்டுச் சவ்வும் கிழிந்துவிட்டதாம்.

“நடக்கவாவது செய்வேன்லா?” என்றான் அண்ணன், கூரையைப் பார்த்தபடி.

மெட்ராஸில் கிழிந்த சவ்வை எடுத்தார்கள். நாரைத் திரும்பக் கட்ட அங்கேயும் அன்றைக்கு வழியில்லை. அண்ணன் நடந்தான், ஓடவில்லை. வயலை ஒத்திக்கு வைத்து, அம்மாவின் கம்மலையும் விற்று, எல்லாமாக எங்களுக்கு ஆனது நாலாயிரத்து எண்ணூறு ரூபாய், அன்றைக்கு ஒரு போலீஸ்காரரின் ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம்.