ஓட்டுத் தையல்

மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வருகிறார் டெய்லரம்மா. "கதவச் சாத்துங்க, ஃபேன நிறுத்துங்க, மூஞ்சில மாஸ்க்கப் போடுங்க. அப்புறம் என்ன வேணா எழுதிக்கங்க." பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்தவன் நான். ஆறு வருட வாடிக்கை, கதை எழுதுகிறவன் என்பதும் தெரியும் என்பதால் உள்ளறைவரை அனுமதி.

சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டு மறுபடி புதிதாக விடுகிறார். தினம் நான்கு தடவை. சிக்கல் என்னவென்றால், அந்த வயிறு ஏற்கெனவே மூன்று முறை திறந்து மூடியது: பிள்ளைகளுக்காக இரண்டு முறை, அப்பெண்டிக்சுக்காக ஒரு முறை. பழைய தழும்புகளால் உள்ளே எங்காவது ஒட்டிப்போயிருந்தால் நீர் சரியாக வடியாதே என்று டாக்டர் தயங்கியிருக்கிறார். டெய்லரம்மா தயங்கவில்லை. "லைனிங்கையும் துணியோட சேத்துப் புடிச்சுத் தச்சுட்டாங்கன்னு சொல்லுங்க! தொழில் கத்துக்கிட்டப்போ நான் தினம் பண்ண தப்பு டாக்டர் அது. பிரிச்சு விட்டாப் போச்சு." குழாய் வைக்கும்போது கேமராவை விட்டுப் பார்த்து, ஒட்டியிருந்த ஓரிடத்தை டாக்டரும் பிரித்துவிட்டாராம்.

இத்தனை நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீர் விட்டார்கள். முழு இரண்டு லிட்டர் இன்று காலையில்தான் முதல் தடவை. அது அப்படியே திரும்பி வந்தால் வீட்டிலேயே தொடரலாம். வராவிட்டால் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் மெஷின், கடைக்குப் பூட்டு. "எனக்கு இருக்கிற ஒரு மெஷினே போதுங்க" என்கிறார். குழாயைத் தாங்க அவரே தைத்த இடுப்புப் பட்டையில்கூட இழுத்தால் கையோடு வந்துவிடும் ஓட்டுத் தையல்தான். "நிலைக்குமோ என்னமோ, எதுக்கு அழுத்தித் தைக்கணும்?" சிரித்துக்கொண்டே சொன்னார்.

குழாயைத் திறந்துவிட்டதும், காலையில் விட்ட நீர் வடிந்து தரையில் வைத்த பை மளமளவென்று நிறைந்தது. பாதியில் நின்றது.

"நின்னுடுச்சு" என்றார் பக்கத்தில் நின்ற அவர் கணவர்.

"தெரியுது. என்னப் பாக்காதீங்க, பையப் பாருங்க."

"கொஞ்சம் இடப்பக்கமாச் சாஞ்சு பாரேன்."

சாய்ந்தார், நிமிர்ந்தார், எழுந்து அரைவட்டம் திரும்பினார். "கையத் தூக்குங்க, திரும்பி நில்லுங்கன்னு ஊரையே ஆட்டி வச்சேன். இப்ப என் முறை!" சொல்லி வாய் மூடவில்லை, நீர் மறுபடி இறங்கியது.

இறங்கி முடிந்ததும் கணவர் பைக்கு அடியில் அளவு டேப்பை நீட்டினார். நீர் கலங்கி எண்கள் தெரியாவிட்டால் உள்ளே கிருமி என்று அர்த்தம். "முப்பத்தாறு, முப்பத்தேழு... எல்லா நம்பரும் பளிச்சுனு தெரியுது." பிறகு கொக்கித் தராசில் மாட்டினார். அவர் குரல் உடைந்தது. "ரெண்டுக்கு மேலயே வந்திருக்கும்மா! ரெண்டேகால்!"

"குடுத்த துணியவிட அதிகமாத் திருப்பிக் குடுத்த டெய்லர் வேற யாராவது உண்டா? இதையும் எழுதிக்கங்க."

புதுப் பையிலிருந்து அடுத்த இரண்டு லிட்டர் உள்ளே போனது. மூடியைத் திருகி, குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு, பட்டையைக் கழற்றினார். தையல் மெஷினின் மேல் கிடந்த என் பேன்ட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, பட்டையின் ஓரத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு முறை அழுத்தமாக ஓட்டினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு அந்த ஓட்டுத் தையலின் நுனியைப் பிடித்து, ஒரே இழுப்பில் உருவிப் போட்டார்.