சிவப்பு வெள்ளைக் கம்புகள்

எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடையை அண்ணன் போட்டிருந்தது தூத்துக்குடியில் ஒரு சந்துக்குள். உப்பளத்து பம்பு மோட்டார்களெல்லாம் பெரிய தெருக் கடைகளுக்கே போயின. சாலையோரம் கம்பு நட்டுத் தகர போர்டு மாட்டலாம் என்று சொன்னது நான்தான். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தேன்.

"எவனாவது பிடுங்கிப் போட்ருவாம்ளா," என்றான் அண்ணன்.

அதற்கும் வழி வைத்திருந்தேன். நிலம் அளப்பவர்கள் நடுகிற கம்பு மாதிரி ஒரு பட்டை சிவப்பு, ஒரு பட்டை வெள்ளை அடிக்க வேண்டும். ஒன்று, தூரத்திலேயே கண்ணில் படும். இரண்டு, சவுக்குக் கம்பு சல்லிசு. மூன்று, சர்க்கார் கம்பு என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள். மூன்றாவதைக் கேட்டதும் அண்ணன் சிரித்தான்.

"படிச்சவ மூளையே தனிதாம்ளா."

எனக்குப் பெருமையாக இருந்தது.

போர்டு எழுதுகிறவர் இழுத்தடித்தார். கம்பை மட்டும் முதலில் நட்டால் ஊர் என்னவென்று பேசும், அதுவும் நல்லதுதான் என்று அண்ணனிடம் சொன்னேன். திருச்செந்தூர் சாலையில், ஊர் முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மதியத்தில் நட்டோம்.

புதுத் துறைமுகத்துக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்த காலம். கம்பு வந்தால் அடுத்தது வீடு போகும் என்பது அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

போர்டுகளோடு திரும்பப் போனபோது, ஒரு கம்புக்குப் பின்னாலிருந்த குடிசைக்குக் கூரை இல்லை. உப்பு வாருகிற ஒரு அக்கா ஓலையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய ஓலை. பாதி கைபட்டே நொறுங்கிக் கிடந்தது.

"புல்டோசர் வந்தா இதுகூட மிஞ்சாதுல்லா," என்றார்.

"இது சர்க்கார் கம்பு இல்லக்கா. எங்க கடை விளம்பரம்."

"அளக்க வந்தவுக உண்மையச் சொல்லுவாவளா? எங்கன போகணும்னு மட்டும் சொல்லிருங்கம்மா."

அண்ணன் கம்பைப் பிடுங்கப் போனான். அவர் ஓடிவந்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பிடுங்காதிய! எம்மேல கேசு போட்ருவாவ!"

என்னுடைய மூன்றாவது காரணம் சரியாகத்தான் வேலை செய்திருந்தது.

அண்ணன் போர்டைக் கம்பில் வைத்துக் காட்டினான். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளம்பரமா? எம் வாசல்ல நடுததுக்கு முன்ன ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

ஓலை வாங்கித் தருகிறோம் என்றோம். வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று கையிலிருந்த போர்டுத் தகரங்களை எல்லாம் கூரையில் அடித்தான் அண்ணன். பெயிண்ட் பட்ட பக்கம் மேலே இருந்தால்தான் உப்புக் காற்றில் துருப்பிடிக்காது. எழுத்து சாலையைப் பார்த்தபடி இருந்தது. ஓலை கொண்டுபோனபோது, தகரம் ஒழுகவில்லை, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கடைக்கு முதல் உப்பள மோட்டார் வந்தது. கொண்டுவந்தவர் கேட்டார்: "வீட்டுக் கூரையில எழுதிப் போட்ருக்கியளே, இந்தக் கடைதான? யாரு யோசன அண்ணாச்சி இது?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.