அக்கா வர பதினேழு மணி நேரம்

எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று இப்போது கைபேசியிலேயே பார்த்துவிடலாம். அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த வருஷம் அந்த வசதி இல்லை. என் பள்ளிக்கூட அட்லஸும் ஒரு பென்சிலும்தான் இருந்தன. அந்த அட்லஸைப் பழைய பேப்பர்காரரிடம் போட இன்றுவரை மனசு வரவில்லை.

அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் பார்த்தவர். யார் எத்தனை நிமிஷம் லேட் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, லண்டனில் நர்ஸாக இருந்த அக்கா வந்துசேரும் நேரத்தையும் அவரே கணக்குப் போட்டார். துபாய் வரைக்கும் ஏழு மணி நேரம், அங்கே காத்திருக்க மூன்று, மெட்ராஸுக்கு நாலு, பிறகு காரில் மூன்று. ஆகப் பதினேழு. அவள் அன்று ராத்திரிக்குள் வந்துவிடுவாள். மறுநாள் காலை ஆபரேஷன்.

"பெரியவ மொகத்தப் பாத்துட்டுதான் உள்ள போவேன். இல்லன்னா ஆபரேஷனே வேணாம்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா போன பிறகு சோறு பொங்கிப் போட்டது நான், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தது நான். முகம் மட்டும் அக்காவுடையது வேண்டுமாம்!

மத்தியானம் அக்கா துபாயிலிருந்து போனில் அழுதாள். லண்டனிலேயே லேட்டாகக் கிளம்பியதால், மெட்ராஸ் விமானத்தைத் தவறவிட்டிருந்தாள். இனி மறுநாள்தான்.

அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இப்ப எங்க வர்றாம்மா?"

"மஸ்கட் தாண்டிட்டாப்பா" என்று அட்லஸில் பென்சிலை வைத்துக் காட்டினேன்.

அரை மணிக்கொரு தரம் கேட்டார். அரபிக்கடலில் பென்சிலை நூல் நூலாக நகர்த்தினேன். இறங்க வேண்டிய நேரமும் தாண்டியது.

"எதிர்க்காத்து ஜாஸ்தியாம்ப்பா. மெதுவா வருதாம்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் ஸ்ட்ரெச்சர் வந்தது. "வாலாஜா தாண்டிட்டாப்பா, கார்ல வந்துக்கினே இருக்கா" என்றேன்.

அப்பா சிரித்தார். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்மா. நேத்து மூணு மணியிலருந்து உன் ப்ளேன் கடல் மேலயே நிக்குது."

பிறகு தானே நகர்ந்து ஸ்ட்ரெச்சரில் படுத்தார். கூட வந்த நர்ஸிடம், "போலாம்மா. இந்தப் பொண்ணுக்கு மொதல்ல ரெண்டு இட்லி வாங்கிக் குடுக்கச் சொல்லு. நேத்துலருந்து சாப்பிடாம ப்ளேன் ஓட்டிக்கினு இருக்கா" என்றார். கதவு மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்று விம்மி விம்மி அழுதேன்.

சாயங்காலம் அக்கா பெட்டியோடு ஓடிவந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. அப்பா இன்னும் கண் விழிக்கவில்லை.

"நான் இல்லாம உள்ள போவ மாட்டேன்னாரே, எப்பிடிடீ போனாரு?"

"நான் இருந்தேன்ல" என்றேன்.