அம்மாவின் மணியும் தவராசா மாஸ்டரும்

தவராசா மாஸ்டர் காலமான செய்தி வந்தபோது நான் ஒரு சட்டைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். போனில் எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்துக் காவலாளி. "ரீச்சர், மாஸ்டர் மோசம் போயிட்டார். நெஞ்சு நோகுதெண்டு கொண்டு போனவை, வழியிலையே முடிஞ்சுது." கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய வீட்டார் கேட்டார்கள். அவரிடம் மின்னியல் படித்த நீங்கள் பெரிய விஷயங்களை எழுதுவீர்கள். நான் பக்கத்து அறையில் தையல் படிப்பித்தவள். எனக்குச் சொல்ல இருப்பது என் அம்மாவின் மணியைப் பற்றித்தான்.

பாரிசவாதம் வந்து அம்மா படுக்கையில் விழுந்தபோது பேச்சும் போய்விட்டது. வலக்கை மட்டும் மிஞ்சியது. உடுவிலில் எங்கள் வீட்டில் நான் சமைக்கும் குசினி பின்வளவில் தனியாக இருக்கிறது. அம்மா என்னைக் கூப்பிட ஒரு மணி வேண்டும். முதலில் வாங்கிய மணிக்கு இரும்புக் கட்டிபோல ஒரு மின்மாற்றிப் பெட்டி. அது இரைந்த இரைச்சலில் அம்மா நித்திரை கொள்ளவில்லை.

"இந்தப் பாரம் இல்லாமல் செய்யேலாதோ, மாஸ்டர்?" என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், மனிதர் எழும்பிவிட்டார்.

"ஏன் ஏலாது? ஒரு கொண்டென்சர் மின்சாரத்தை மட்டுப்படுத்தும், நாலு டயோட் அதை ஒரு பக்கமா ஓட வைக்கும். நெருப்புப் பெட்டிக்குள்ளை அடக்கித் தாறன்."

சொன்னபடியே கொண்டுவந்தார். எங்கள் வீடுகளில் வழக்கம்போல, சுவரிலுள்ள மூன்று துளையில் மேலேயுள்ள எர்த் துளையில் தென்னை ஈர்க்கைக் குத்தி அடைப்பைத் திறந்து, இரட்டைமுள் பிளக்கை நானே செருகினேன். அம்மா கைமாட்டில் கிடந்த ஆழியை, அந்தச் சுவிட்சை, அமத்தினார், மணி அடித்தது. அம்மா சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதம்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஈர்க்கைப் பார்த்தார். பிறகு அம்மா அதே கையால் நடுங்க நடுங்கத் தண்ணீர்க் குவளையை எடுப்பதைப் பார்த்தார்.

"உந்தப் பிளக்கை எந்தப் பக்கம் திருப்பியும் செருகுவீரோ?"

"ஓம், எப்பிடிச் செருகினாலும் வேலை செய்யுந்தானே."

பிளக்கைத் திருப்பிச் செருகி, மீற்றரை வைத்துக் காட்டினார். மணிக்குப் போகும் இரண்டு கம்பிக்கும் இடையில் பன்னிரண்டு வோல்ட். அதில் ஒரு கம்பிக்கும் எர்த் துளைக்கும் இடையில் வீட்டு மின்சாரம் முழுதாக நின்றது.

"கரண்டைக் குறைக்கிறது வேறை ரீச்சர், வீட்டு லைனிலையிருந்து பிரிக்கிறது வேறை. அந்த இரும்புக் கட்டி ரெண்டையும் செய்தது. இது குறைக்க மட்டுந்தான், ஈரக் கை பட்டால் முழுக் கரண்டும் ஆளுக்குள்ளாலை போகும். கை படுற இடத்துக்கு ஆகாது." பெட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சிரித்த மனுசியின் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகிறாரே. அன்று தேத்தண்ணியைச் சீனி போடாமல் கொடுத்தேன். குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்றார்.

அடுத்த கிழமை நல்லதொரு போன் சார்ஜருடன் வந்தார். "இதுக்குள்ளையும் ஒரு குட்டி மின்மாற்றி இருக்கு. பாரமில்லை, இரையாது, பிரிச்சுத்தான் தரும்." அதற்கேற்ற சின்ன மணியைப் பூட்டினார். நெருப்புப் பெட்டியை வீணாக்கவில்லை. அதை ஒரு மூடிய விளக்குக்குள் வைத்து, கதவு நிலைக்கு மேலே, எவருக்கும் எட்டாத உயரத்தில் பொருத்தினார். ஈர்க்கை முறித்து யன்னலால் எறிந்தார். அதன் பிறகு யார் எதைச் செய்து தரக் கேட்டாலும், "முதல்லை சொல்லும், இதை ஆர் தொடுறது?" என்று அவர் கேட்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஒரு மத்தியானம் மணி விடாமல் அடித்தது. ஓடினேன். மல்லித்தண்ணி கவிழ்ந்து மெத்தை தோய்ந்துபோயிருந்தது. ஆழி அந்த ஈரத்தில் கிடக்க, அம்மா அதை அமத்தியபடி, ஏன் இவ்வளவு நேரம் என்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அந்த நெருப்புப் பெட்டியாக இருந்திருந்தால் என்று நினைத்து, அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். மறுநாள் மாஸ்டரிடம் சொன்னேன்.

"அம்மா பயந்தவவோ?"

"இல்லை, என்னை ஏசாத குறை."

"அப்ப இனிச் சீனி போட்ட தேத்தண்ணி கிடைக்கும்" என்றார்.

அவர் இறந்த செய்தியை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பக்கத்தில் இருந்து மெல்லச் சொன்னேன். அம்மா நிலைக்கு மேலிருந்த விளக்கைப் பார்த்தார். கை தடவித் தடவி ஆழியைத் தேடி அமத்தியது. "நான் இஞ்சைதானேம்மா இருக்கிறன்" என்றேன். அம்மா கையை எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மாஸ்டர் எனக்கு விட்டுப்போனது எது என்று கேட்டால், அம்மாவின் அந்தக் கை என்றுதான் சொல்வேன்.